கப்பல்துறைத் தூண்களுக்கு நடுவே: பொனேர் தீவில் கரையிலிருந்து டைவ் செய்வது எப்படி?

வெனிசுவேலாவுக்கு வடக்கே, கரீபியன் கடலில் இருக்கிறது பொனேர் என்ற சின்னத் தீவு. ஆண்டின் பெரும்பகுதி கிழக்குக் காற்றுதான். அதனால் காற்று மறைவான மேற்குக் கரையில் கடல் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். படகு தேவையில்லை. சாலையோரத்தில் பெயர் எழுதிய மஞ்சள் கல்லைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, காற்று டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தே கடலில் இறங்கலாம்.

அப்படி இறங்கும் இடங்களில் எனக்கு மிகப் பிடித்தது தெற்கே உள்ள சால்ட் பியர். உப்பளத்து உப்பைக் கப்பலில் ஏற்றும் துறை அது. ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் வாங்கி, கரையிலிருந்து இன்னும் இறங்கிப் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. அனுமதி

தீவைச் சுற்றியுள்ள கடல் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. கட்டணம் செலுத்தி, விதிகளைக் கேட்டறிந்து, முதலில் ஓர் எளிய இடத்தில் அறிமுக டைவ் செய்ய வேண்டும். கையுறைக்கு அனுமதி இல்லை. எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். கையுறை போட்ட கை தயங்காமல் பவளத்தைப் பிடித்துவிடும், வெறுங்கை பிடிக்காது.

2. கரையில் பத்து நிமிடம்

துறையில் கப்பல் நிற்கிறதா? நின்றால் அன்று அங்கே டைவ் கிடையாது, வேறு மஞ்சள் கல்லைத் தேடுங்கள். கப்பல் இல்லையென்றாலும் உடனே டேங்கைத் தூக்காதீர்கள். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் வருகிறது என்று பாருங்கள். மிதக்கும் பாசி எந்தப் பக்கம் நகர்கிறது? அதுதான் நீரோட்டத்தின் திசை. நம் மீனவர்கள் இதை நீவாடு என்பார்கள். நீவாட்டை எதிர்த்துத் தொடங்கினால், களைத்துத் திரும்பும்போது அதுவே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஏறப்போகும் இடத்துக்கு ஓர் அடையாளத்தையும் மனதில் வையுங்கள். நீரிலிருந்து நீங்கள் தலையைத் தூக்கினாலே உப்பளத்தின் வெள்ளை உப்பு மலைகள் தெரியும்.

3. இறங்குவது

கரைவழி டைவில் அடிபடுவது அதிகமும் இந்த முழங்கால் ஆழத்தில்தான். இங்கே மணல் குறைவு. செத்த பவளத் துண்டுகளும் பாசி படிந்த கல்லும்தான் காலடியில். தடித்த அடி வைத்த பூட்ஸ் அவசியம். மிதக்க உதவும் டைவிங் ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி, மாஸ்க்கை மாட்டி, டேங்கின் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்ட பிறகே தண்ணீரில் கால் வையுங்கள். ஃபின்ஸ், அதாவது நீந்தக் காலில் மாட்டும் துடுப்புகள், கையில் இருக்கட்டும். துணையின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்காமல் தேய்த்தபடி நகருங்கள். இடுப்பளவு வந்ததும் நிற்க முயலாதீர்கள். படுத்து மிதந்தபடி ஃபின்ஸை மாட்டுங்கள். நான் ஒருமுறை நின்றுகொண்டே மாட்டப் போய், அலை தள்ளி முழங்காலைக் கிழித்துக்கொண்டேன்.

4. தூண்களுக்கு அடியில்

தூண்கள் நிற்கும் பகுதி ஏறத்தாழ 5 முதல் 12 மீட்டர் ஆழம். ஆழம் குறைவுதானே என்று நினைக்காதீர்கள். மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அதன் பிறகு மாற்றம் மெதுவாகத்தான். ஆகவே மிதவைக் கட்டுப்பாடு, அதாவது மேலெழாமலும் மூழ்காமலும் ஒரே ஆழத்தில் நிற்பது, கடினமாவது மேலேதான். அலுமினிய டேங்க் காலியாகக் காலியாக உங்களை மேலே தூக்கும். டைவ் முடிவில், டேங்கில் 50 பார் (காற்றழுத்த அளவு) மீதியிருக்கும்போது 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிந்தால், மூழ்குவதற்காக நீங்கள் கட்டியிருக்கும் எடை சரியானது.

அது கைவந்துவிட்டால் அவசரமே வேண்டாம். 30 மீட்டரில் செலவாகும் காற்றில் பாதிதான் 10 மீட்டரில் செலவாகும். ஒரு தூணைத் தேர்ந்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாகச் சுற்றி வாருங்கள். கடற்பஞ்சும் பவளமும் ஆரஞ்சு, மஞ்சள், ஊதா என்று தூணையே மூடியிருக்கும். நிழலில் மீன் கூட்டம் கூரைபோல் நிற்கும், சீலா மீன் ஒன்று ஓரமாக உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். கடற்குதிரை கண்ணில் பட்டால் பெரும் பாக்கியம். தூண்களுக்கு இடையே வெயில் கீற்றுக் கீற்றாக இறங்குவதை நிமிர்ந்து பார்க்க மறக்காதீர்கள். ஃபின்ஸ் தூணில் உரச வேண்டாம், ஒரு உதை பல வருட வளர்ச்சியை உதிர்த்துவிடும். எந்தத் துறைக்கு அடியிலும் அறுந்த தூண்டில் நரம்பு தொங்கலாம். அதை அறுக்கச் சின்ன வெட்டுக்கருவி ஒன்று ஜாக்கெட்டில் இருக்கட்டும்.

5. திரும்புவது

200 பாரில் தொடங்கினால் 120இல் திரும்புங்கள். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, மேலே வந்து அடையாளத்தைப் பாருங்கள். இடுப்பளவு நீரில் மிதந்தபடியே ஃபின்ஸைக் கழற்றுங்கள். ரெகுலேட்டர் மட்டும் கரையேறும்வரை வாயிலேயே இருக்கட்டும்.

சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத சின்னக் கல் குடிசைகள் வரும். உப்பளத்தில் வேலை செய்த அடிமைகள் தூங்கிய இடம் அது. 1863இல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. ஈரத் துணியோடு போனாலும் பரவாயில்லை, இறங்கி ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அறைக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் நன்னீரில் அலசுங்கள். தொடர்ந்து பல டைவ் செய்திருந்தால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். பயணச்சீட்டு எடுக்கும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.