வீட்டு நாஸ்: முதலில் டிஸ்க், கடைசியில் ப்ராசஸர்

வீட்டில் ஒரு நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான டிஸ்க் பெட்டி) கட்டலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த ப்ராசஸர் வாங்கலாம்?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. குடும்பத்து போட்டோ, கல்யாண வீடியோ, நாலு போன்களின் பேக்கப், கொஞ்சம் சினிமா, இவ்வளவையும் வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கிற பெட்டிக்குப் பெரிய மூளை தேவையில்லை. ஆனால் அது ராத்திரி பகல் பார்க்காமல் வருடம் முழுக்க ஓடப் போகிறது, அதனால் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: டிஸ்க் எவ்வளவு நாள் தாங்கும், கரண்ட் எவ்வளவு குடிக்கும்.

டிஸ்க்கிலிருந்து தொடங்குவோம், பட்ஜெட்டில் பாதிக்கு மேல் அங்கேதான் போகும், போகவும் வேண்டும். வாங்கும் முன் மாடல் எண்ணைப் போட்டு அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பாருங்கள். இரண்டும் டிஸ்க்கில் எழுதுகிற முறைகள். சிஎம்ஆரில் டிராக்குகள் (தரவு எழுதப்படும் வட்டக் கோடுகள்) தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் என்பது ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி: ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓடு கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். தினப்படி காப்பி பண்ணும்போது இது தெரியாது. ரெய்டில் (ஒன்று செத்தாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டுவது) ஒரு டிஸ்க் செத்து, புதுசைப் போட்டு மறுபடி கட்டும்போதுதான் தெரியும். மணிக்கணக்கில் முடிய வேண்டிய வேலை நாள்கணக்கில் இழுக்கும், சமயத்தில் பாதியிலேயே நின்றுவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்களில் சொல்லாமல் எஸ்எம்ஆரைப் போட்டிருந்தது வெளியே வந்து பெரிய ரகளையானது. அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகள் 'ரெட் பிளஸ்' என்ற பெயரில் தனியாக வந்தன. இன்றைக்கு ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் இரண்டில் எதை எடுத்தாலும் சரி. வெறும் 'ரெட்' என்று போட்டிருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள்.

பழைய டிஸ்க் வாங்கலாமா? வாங்கலாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு) பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடம்), பெண்டிங் செக்டர் (கெட்டதோ என்று சந்தேகத்தில் நிற்கும் இடம்) இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஓடிய மணி நேரத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்: 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஏற்கெனவே ஓடிய சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகளின் மணிக் கணக்கை அழித்துப் புதுசு என்று விற்றது அம்பலமானது. சீகேட்டில் 'ஃபார்ம்' என்று தனியாக ஒரு பதிவு உண்டு, ஓடிய மணி நேரம் அதிலும் இருக்கும். ஸ்மார்ட் விவரத்தைப் படிக்கிற ஸ்மார்ட்சிடிஎல் என்ற மென்பொருள் 7.4 பதிப்பிலிருந்து அதையும் படித்துக் காட்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லையென்றால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது கரண்ட். கணக்கு சுலபம்: பெட்டி எப்போதும் இழுக்கிற ஒவ்வொரு 10 வாட்டுக்கும் இரண்டு மாத இபி பில்லில் சுமார் 14 யூனிட் ஏறும். சுழலும் 3.5 இன்ச் டிஸ்க் ஒன்று சும்மா இருக்கும்போதே 4, 5 வாட் எடுக்கும். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடென்றால், கட்டண விகிதமே மாறுகிற எல்லை அது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பரணில் கிடக்கிற பழைய கேமிங் மெஷின் இலவசம்தானே என்று எடுத்துப் போட்டால் அது மாதாமாதம் வாடகை கேட்கும்.

இப்போது ப்ராசஸர். என் சிபாரிசு இரண்டு வழி. ஒன்று, 2023-இல் வந்த இன்டெல் என்100 போட்ட சின்ன மதர்போர்டு. 6 வாட் ரக சிப், நாலு கோர், நாஸுக்குத் தாராளம். இன்னொன்று, ஆபீஸ்களிலிருந்து கழித்துக் கட்டுகிற எட்டாம் தலைமுறை ஐ3, ஐ5 டெஸ்க்டாப். விலை குறைவு, ஜெல்லிஃபின், பிளெக்ஸ் மாதிரி சினிமா காட்டும் மென்பொருள்களை ஓட்டுவதற்கு வேண்டிய வீடியோ வசதியும் ப்ராசஸரிலேயே இருக்கிறது. ஆனால் வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்: பெரிய டிஸ்க் எத்தனை உட்காரும், சாட்டா (டிஸ்க்கை மாட்டும் இணைப்பு) பவர் வயர் எத்தனை வருகிறது? நிறைய பெட்டிகளில் இரண்டோடு முடிந்துவிடும், பவர் சப்ளையும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவில் இருப்பதால் வேறொன்றை மாட்ட முடியாது.

சாட்டா போர்ட் போதவில்லையா, ஏஎஸ்எம்1166 அல்லது ஜேஎம்பி585 சிப் உள்ள கார்டு வாங்குங்கள். ஒரே போர்ட்டைப் பத்தாகப் பிரிக்கிற மலிவு கார்டுகள் பக்கம் போகவே வேண்டாம். யூஎஸ்பி டிஸ்க்குகளை வரிசையாகச் சொருகி ரெய்டு போடலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள், கேபிள் லேசாக அசைந்தாலே டிஸ்க் காணாமல் போகும்.

ராம் (மெமரி) பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நாஸை நடத்தும் மென்பொருள் ஓபன்மீடியாவால்ட் என்றால் 4 ஜிபி போதும், ட்ரூநாஸ் என்றால் 8 ஜிபி குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ராம் என்று யாராவது சொன்னால் வீட்டு உபயோகத்துக்கு அதைக் கண்டுகொள்ள வேண்டாம். பிழையைத் தானே திருத்தும் இசிசி ராம் நல்லதுதான், ஆனால் அது இல்லாவிட்டால் ட்ரூநாஸ் டிஸ்க்கில் எழுதப் பயன்படுத்தும் இஸட்எஃப்எஸ் ஓடாது என்பது கட்டுக்கதை.

நெட்வொர்க்கில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். சாதாரண கிகாபிட்டில் நொடிக்குக் கிட்டத்தட்ட 110 எம்பி வரும், அவ்வளவுதான், ஆகவே அதற்காக எஸ்எஸ்டி வாங்கிக் குவிப்பது வீண். 2.5 கிகாபிட் என்றால் 280 வரை போகும், சுவருக்குள் ஏற்கெனவே ஓடுகிற கேட்5இ வயரே தாங்கும், நெட்வொர்க் சுவிட்சும் இரண்டு பக்க போர்ட்டுகளும் 2.5 கிகாபிட்டாக இருந்தால் போதும்.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஒவ்வொன்றும் 25 வாட் அளவுக்கு இழுக்கும், நாலு என்றால் 100. அதனால் 300, 400 வாட்டில் நல்ல பெயருள்ள ஒன்று போதும், 750 வாட் வேண்டாம். முனையில் பிளாஸ்டிக்கை வார்த்து மூடிய மலிவு மோலெக்ஸ்-சாட்டா மாற்றி வயர்கள் (பழைய வகை பவர் முனையைச் சாட்டாவாக மாற்றுபவை) தீப்பிடிப்பதுண்டு, அவற்றைத் தவிருங்கள். கேபிள் விஷயத்தில் நானே ஒரு வாரம் முட்டாளானேன்: பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, டிஸ்க் போயே போச்சு என்று புதுசுக்கு ஆர்டர் போடும் அளவுக்குப் போய்விட்டு, கடைசியில் பார்த்தால் தளர்ந்துபோன சாட்டா கேபிள். ஸ்மார்ட்டில் சிஆர்சி பிழை (தரவு வரும் வழியில் கெட்டது) மட்டும் ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் மே மாத வெயில். மூடிய மர அலமாரிக்குள் பெட்டியை வைக்காதீர்கள். டிஸ்க்குகளுக்கு நேர் எதிரே மெதுவாகச் சுற்றும் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று இருந்தால், 45 டிகிரிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று யூபிஎஸ்ஸை விட்டுவிடுபவர்கள் இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்ச் 'யூபிஎஸ்' பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் பெட்டி அணைந்துவிடலாம். இன்வெர்ட்டர் உங்கள் சர்வரிடம் "பேட்டரி தீரப்போகிறது" என்று சொல்லாது, யூஎஸ்பி வயர் உள்ள சின்ன யூபிஎஸ் சொல்லும். அந்த வயரைச் சொருகி, யூபிஎஸ் சொல்வதைக் கேட்கிற நட் (NUT) என்ற மென்பொருளைப் போட்டால் பெட்டி தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

எல்லாம் வந்து சேர்ந்த உடனே போட்டோக்களை ஏற்றிவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஸ்மார்ட்டின் லாங் டெஸ்ட் (முழு டிஸ்க்கையும் படித்துப் பார்க்கும் சோதனை) ஓட்டுங்கள், 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். பொறுமை இருந்தால் பேட்பிளாக்ஸ் என்ற மென்பொருளின் எழுதும் சோதனையையும் ஓட்டுங்கள், அது இரண்டு மூன்று நாள் எடுக்கும், டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் அழிக்கும், அதனால் காலி டிஸ்க்கில் மட்டும். கெட்டுப்போகிற டிஸ்க் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்கிற நாட்களுக்குள்ளேயே கெட்டுப்போகட்டும்.