இரு குழுக்களின் விகிதங்களை ஒப்பிடும் கை-வர்க்கச் (chi-square) சோதனை: லிஸ்டரின் எண்களைக் கொண்டு ஒரு செய்முறை

கிளாஸ்கோ அரச மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஜோசப் லிஸ்டர், காயங்களுக்குக் கிருமிக்கொல்லியான கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தத் தொடங்குவதற்கு முன்னும் பின்னும் அறுவையில் கை அல்லது கால் துண்டிக்கப்பட்டவர்களின் கணக்கை 1870-இல் வெளியிட்டார். முன்பு 35 பேரில் 16 பேர் இறந்தனர். பின்பு 40 பேரில் 6 பேர் இறந்தனர். இறப்பு விகிதம் 45.7 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நோயாளிகள் இவ்வளவு குறைவாக இருக்கையில், இந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்குமா?

முதலில் அட்டவணையை அமைக்க வேண்டும். அதில் சதவீதங்களை இடக் கூடாது, ஆட்களின் எண்ணிக்கையையே இட வேண்டும். தொடக்க நிலையில் பலரும் தவறுவது இங்கேதான்.

| | இறந்தோர் | பிழைத்தோர் | மொத்தம் |
|---|---|---|---|
| முன்பு | 16 | 19 | 35 |
| பின்பு | 6 | 34 | 40 |
| மொத்தம் | 22 | 53 | 75 |

அடுத்து, அமிலத்தால் எந்த வேறுபாடும் இல்லை என்ற இன்மை எடுகோளை எடுத்துக்கொள்வோம். அது உண்மையானால் இரு குழுக்களிலும் 75-க்கு 22 என்ற ஒரே விகிதத்தில் இறப்பு நேர்ந்திருக்க வேண்டும். எனவே அட்டவணையின் முதல் கட்டத்தில் (முன்பு இறந்தோர்) எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை 35 × 22 ÷ 75 = 10.27. இவ்வாறே மற்றவை 24.73, 11.73, 28.27 என வரும். இவற்றில் ஏதேனும் 5-க்குக் குறைந்தால் சிறிய எண்ணிக்கைகளுக்கு ஏற்ற, புள்ளியியலாளர் ஃபிஷரின் துல்லியச் சோதனையை நாடுவது நல்லது. இங்கே அதற்குத் தேவையில்லை.

ஒவ்வொரு கட்டத்திலும் உண்மை எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் 3.20 + 1.33 + 2.80 + 1.16, ஏறத்தாழ 8.49 கிடைக்கும். இதுவே கை-வர்க்க மதிப்பு.

நான்கு கட்டங்களிலும் வேறுபாட்டின் அளவு 5.73 தான் என்பதைக் கவனியுங்கள். ஓரக் கூட்டுத்தொகைகள் (‘மொத்தம்’ என்ற வரிசையிலும் நெடுவரிசையிலும் உள்ளவை) தெரிந்துவிட்டால், ஒரு கட்டத்தின் எண்ணே மற்ற மூன்றையும் தீர்மானித்துவிடும். ஆகவே கட்டின்மை அளவெண் (degrees of freedom), அதாவது தடையின்றி மாறக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கை, 1. 1900-இல் இச்சோதனையை உருவாக்கிய கார்ல் பியர்சனே இத்தகைய அட்டவணைக்கு அதை 3 எனக் கொண்டிருந்தார். 1922-இல் ஃபிஷர்தான் திருத்தினார். எனவே இங்கே தடுமாறும் மாணவர் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கட்டின்மை அளவெண் 1 எனில், 5 சதவீத மிகைகாண் நிலையில் (significance level), அதாவது இன்மை எடுகோள் உண்மையாக இருந்தும் அதைத் தவறாக மறுக்கும் வாய்ப்பை 5 சதவீதமாக வைத்தால், எல்லை மதிப்பு 3.84, 1 சதவீதத்தில் 6.63. நம் மதிப்பு இரண்டையும் தாண்டுவதால் இன்மை எடுகோளை மறுக்கிறோம். ஆனால் காரணம் அமிலம்தான் என்று இச்சோதனை சொல்வதில்லை. இரு குழுக்களும் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவை, குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல.

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் சரிபார்ப்பவர்களுக்கு 7.08 என்று வரும். இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு மதிப்பைச் சற்றே குறைக்கும் யேட்ஸ் திருத்தத்தை அது தானாகவே சேர்த்துக்கொள்கிறது. திருத்தத்தை நீக்கினால் நம் விடையே வரும்.