தவக்காலத்தைப் பங்கில் நடத்துவது எப்படி: கணக்குப் பார்க்காத அன்புக்கு இடம்விட்டு

தவக்காலத்தின் நாற்பது நாளும் நோன்பிருந்து, வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்குப் போய், உண்டியலும் நிரப்பினால்தான் கடவுள் நம்மேல் அன்பு வைப்பார் என்று எந்தப் பங்கு ஆலயத்திலும் மறையுரையில் சொல்வதில்லை. ஆனால் ஏற்பாடுகள் அதைத்தான் சொல்லிவிடுகின்றன. கோயில் வரி பாக்கி வைத்தவர்களின் பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் தொங்கும். அதே பலகையில், இரண்டு அங்குலம் தள்ளி, "இறைவனிடம் திரும்பி வாருங்கள்" என்ற தவக்காலச் சுவரொட்டி இருக்கும். பாக்கிக்காரர் எதை முதலில் படிப்பார்?

ஆகவே முதல் வேலை, அந்தப் பட்டியலைக் கழற்றுவது. வரி கேட்பதைப் பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) முடியும்வரை நிறுத்திவையுங்கள். பணம் போய்விடாது. கீழே வருபவை சுமார் 300 குடும்பங்கள், பத்துப் பன்னிரண்டு அன்பியங்கள் (அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுக்கள்) உள்ள தமிழகக் கத்தோலிக்கப் பங்கை மனதில் வைத்து எழுதியவை. சிறிய பங்கென்றால் அளவுகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

நாட்காட்டி

2027-இல் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28. இடையில் இருப்பது 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. பங்குப்பேரவைக் கூட்டத்தைப் பொங்கலுக்குப் பின் வைத்தால் நான்கு வாரம்கூட முழுதாக இருக்காது. ஆகவே கிறிஸ்துமஸ் குடில் பிரித்த கையோடு கூடிவிடுங்கள்.

அந்த ஆண்டில் இரண்டு நாட்கள் குழப்பும். புனித சூசையப்பர் பெருவிழாவான மார்ச் 19 வெள்ளிக்கிழமையில் வருகிறது. பெருவிழா வெள்ளியில் விழுந்தால் இறைச்சி தவிர்க்கும் கடமை இல்லை என்பது திருச்சபைச் சட்டம் (எண் 1251). அதை முந்தின ஞாயிறே அறிவித்துவிட்டால், சூசையப்பர் பெயர் வைத்த வீடுகளில் பிரியாணிச் சண்டை வராது. மார்ச் 25 பெரிய வியாழன் என்பதால் மங்கள வார்த்தைப் பெருவிழா ஏப்ரல் 5, திங்களுக்குத் தள்ளிப்போகிறது.

வாசகங்களைப் பார்த்து நிகழ்ச்சிகளை வையுங்கள். நிகழ்ச்சியை வைத்துவிட்டு வாசகம் தேடாதீர்கள். ஊதாரி மைந்தன் உவமை ஞாயிறு நற்செய்தியாக மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். ஆனால் தவக்காலம் இரண்டாம் வாரச் சனிக்கிழமையில் ஒவ்வோர் ஆண்டும் அது உண்டு. 2027-இல் பிப்ரவரி 27. ஒப்புரவு வழிபாட்டுக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. நான்காம் ஞாயிறு (மார்ச் 7) எபேசியர் இரண்டாம் அதிகாரமும் யோவான் மூன்றாம் அதிகாரமும் வாசிக்கப்படும். மீட்பு நம் செயலால் வந்ததல்ல, கொடை என்று பவுல் அடித்துச் சொல்லும் பகுதி அது. உண்டியல் விநியோகத்தையோ நிதி அறிவிப்பையோ அந்த ஞாயிற்றில் மட்டும் வைக்காதீர்கள்.

திருநீறு

நெற்றியில் பூசும் சாம்பலுக்குப் போன ஆண்டுக் குருத்தோலைகளைத் திருநீற்றுப் புதனுக்கு முந்தின இரண்டு ஞாயிறுகளில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு ஞாயிறு மட்டும் சொன்னால் பாதிப் பேர் மறப்பார்கள். படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும் ஓலைச் சிலுவைகளில் நூல், பிளாஸ்டிக் பூ, குண்டூசி இருக்கும். எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டு ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்குங்கள்.

இரும்புச் சட்டியில், வெளியிடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக எரிக்க வேண்டும். ஓலை கருகிக் கறுப்பானதும் தட்டு போட்டு மூடி அணைத்துவிடுங்கள். முழுக்க எரியவிட்டால் வெளுத்த சாம்பல்தான் மிஞ்சும், நெற்றியில் பதியாது. ஆறியதும் உரலில் இடித்து, மெல்லிய பருத்தித் துணியில் சலித்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். ஓலை பார்க்க மலைபோல் இருக்கும், சாம்பல் கையளவுதான் தேறும். ஆனாலும் ஐந்நூறு பேருக்கு ஒரு சின்னத் தம்ளர் போதும்.

தண்ணீர் ஊற்றிக் குழைத்து வைக்காதீர்கள். சாம்பல் நீர் காரத்தன்மை உள்ளது. ஊற ஊறக் கூடும். குழந்தைகளின் நெற்றியில் எரிச்சலும் புண்ணும் வருவது அதனால்தான். ஒட்டவில்லை என்றால் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டுப் பிசறுங்கள்.

ஆலயத்துக்கு வர முடியாத நோயாளிகளின் பட்டியலை அன்பியத் தலைவர்களிடம் முன்கூட்டியே வாங்கி, அன்றே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். திருநீறு அருளடையாளம் அல்ல, வழிபாட்டுச் சின்னம். ஆகவே திருமணச் சிக்கலால் நற்கருணை வாங்க முடியாமல் இருப்பவர், வேறு சமயத்தில் மணம் முடித்தவர் என யாரும் வரிசையில் வந்து பெறலாம். இதைத் திருப்பலித் தொடக்கத்தில் ஒரே வரியில் அறிவியுங்கள். தூணோரம் நின்றிருப்பவர் முன்னே வர அந்த ஒரு வரிதான் தேவை. நற்கருணை நேரத்தில் வேறொரு தவறு நடக்கும்: ஒழுங்கு பார்க்கும் தொண்டர்கள் வரிசை வரிசையாக எழுப்பி அனுப்புவார்கள். உட்கார்ந்திருப்பவரைக் கையசைத்து எழுப்பவே கூடாது என்று அவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

வீடு சந்திப்பு

ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களைப் பார்க்கப் போவதுதான் தவக்காலத்தின் கடினமான வேலை. அதிகம் சொதப்புவதும் இதில்தான். எட்டுப் பேர் கூட்டமாகச் செபமாலையோடு போய் வாசலில் நின்றால், தெருவே எட்டிப் பார்க்கும். உள்ளே இருப்பவர் சிரித்துக்கொண்டே அவமானப்படுவார்.

இரண்டு பேர் போங்கள். ஒருவர் அவருக்கு ஏற்கெனவே பழக்கமானவராக இருக்க வேண்டும்; பேரவைப் பொறுப்பாளர் இல்லாவிட்டால் இன்னும் நல்லது. இருபது நிமிடம் போதும். நோட்டு, ரசீதுப் புத்தகம், காணிக்கை உறை எதையும் எடுத்துப் போகாதீர்கள். "ஏன் கோயிலுக்கு வர்றதில்ல?" என்ற கேள்வி தடை. அதற்குப் பதில், "அக்கா, வர்ற சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியூர் சாமியாருங்க வர்றாங்க. நாங்க போறோம், வர்றதுன்னா சேர்ந்தே போவோம்" என்று சொன்னால் போதும். பதில் சொல்லும்படி நிர்ப்பந்திக்காமல் வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

பழைய பகை வெளியே வரும். கல்லறையில் இடம் தராதது, திருவிழா வரவு செலவில் சண்டை, தேர் தங்கள் தெருவுக்கு வராமல் திரும்பியது என்று பெரும்பாலும் காரணம் கடவுளாக இருக்காது, நாமாகத்தான் இருக்கும். சாதிக் காரணம் சொன்னால் "அதெல்லாம் இப்ப இல்ல" என்று மறுக்காதீர்கள். இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கேட்டுக்கொண்டு வந்து பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். வேறு யாரிடமும் வேண்டாம்.

ஒப்புரவு வழிபாடு

இங்கே கணக்குப் போட வேண்டும். ஆளுக்கு 5 நிமிடம் என்றால் ஒரு குரு ஒரு மணி நேரத்தில் 12 பேரைக் கேட்கலாம். 240 பேர் வருவார்கள் என்றால் மொத்தம் 20 மணி நேரம். ஐந்து குருக்கள் இருந்தாலும் நான்கு மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் பத்துப் பேர் தேவை. மறைவட்டத்தின் (அண்டைப் பங்குகளின் தொகுதி) குருக்கள் ஒவ்வொரு பங்காகச் சுற்றிவரும் வழக்கம் இருக்குமிடத்தில் தேதியை முதலில் பிடித்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு மாலைகளாகப் பிரியுங்கள். கணக்குப் போடாமல் வைத்தால், கடைசி நாற்பது பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். பத்து வருடம் கழித்து வந்தவர் பெரும்பாலும் வரிசையின் கடைசியில்தான் நிற்பார். கூட்டம் அதிகம் என்பதற்காக மட்டும் பொதுவில் பாவமன்னிப்பு வழங்கிவிடத் திருச்சபைச் சட்டம் (எண் 961) இடம் தருவதில்லை.

நாற்காலிகளைப் பாடகர் குழுவிலிருந்தும் வரிசையிலிருந்தும் குறைந்தது 15 அடி தள்ளிப் போடுங்கள். மெல்லிய இசை ஓடட்டும். பேச்சு வெளியே கேட்காமலிருக்க அது உதவும். சொந்தப் பங்குத்தந்தையிடம் சொல்லக் கூச்சப்படுபவர்கள் நிறைய இருப்பதால் அவர் ஓர் ஓரத்திலும் விருந்தினர் குருக்கள் நடுவிலும் அமரட்டும். செபம் மறந்துபோனவர்களுக்காக மனத்துயர் செபத்தை அச்சடித்த அட்டை ஒவ்வொரு நாற்காலியிலும் இருக்க வேண்டும். அட்டை இல்லாததால் திரும்பிப் போனவர்கள் உண்டு.

ஆன்ம சோதனைக்குப் பத்துக் கட்டளைப் பட்டியலை மட்டும் வாசித்துவிட்டு முடிக்காதீர்கள். ஊதாரி மைந்தன் உவமை உள்ள லூக்கா 15-ஐ நிதானமாக வாசியுங்கள். மகன் பன்றிகளின் நடுவே ஒரு பேச்சைத் தயாரிக்கிறான்: பாவம் செய்தேன், மகன் எனப்பட தகுதியில்லை, கூலியாளாக வைத்துக்கொள்ளும் (வச. 18, 19). தந்தை ஓடிப்போய்க் கட்டியணைத்தபின் அவன் பேசுகிறான் (வச. 21). முதல் இரண்டையும் சொல்கிறான். கூலியாள் என்ற மூன்றாவது வரி வெளியே வருவதற்குள் தந்தை ஆடை, மோதிரம், மிதியடி கேட்டு ஆளனுப்பிவிடுகிறார். சம்பளத்துக்கு அன்பு என்ற ஏற்பாட்டைத் தந்தை காதில்கூட வாங்கவில்லை. வழிபாட்டை நடத்துபவர் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லி அமர்ந்தாலே போதும். தம்பிக்கு விருந்து வைத்ததற்காகக் கோபித்துக்கொண்ட மூத்த மகனைப் பற்றிப் பேச விரும்பினால் அதைப் பங்குப்பேரவைக் கூட்டத்தில் பேசலாம்.

பிடி அரிசி

உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பழக்கம் உண்டியலைவிடச் சிறந்தது. இல்லாதவரும் ஒரு பிடி போடலாம் என்பதே அதன் பலம். ஒரு பிடி 40 முதல் 50 கிராம். நாற்பது நாளில் வீட்டுக்கு ஏறத்தாழ 2 கிலோ. 300 வீட்டில் பாதி செய்தாலே 300 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டையில் பன்னிரண்டு. பத்துப் பத்துக் கிலோவாக 30 வீடுகளுக்குக் கொடுக்கலாம்.

நாற்பது நாளும் சேர்த்துவைத்துப் பெரிய வியாழனன்று காணிக்கைப் பவனியில் மூட்டையாகக் கொண்டுவருவது பார்க்க அழகுதான். ஆனால் வண்டு விழுந்துவிடும். வாரா வாரம் அன்பியக் கூட்டத்தில் வாங்கி, அந்தந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பவனிக்குக் கடைசி வார அரிசி போதும். புழுங்கல், பச்சை, ரேஷன் மூன்றையும் கலக்காதீர்கள், சமைக்கும்போது ஒன்று குழையும் ஒன்று வேகாது. மூன்று வாளி, மூன்று பெயர்.

யாருக்குக் கொடுப்பது என்பதை ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையும் அன்பியத் தலைவரும் பேசி முடிவு செய்யட்டும். வாங்குபவர் ஞாயிறு பூசைக்கு வருகிறாரா, கிறிஸ்தவரா என்று பார்க்க வேண்டியதில்லை. வரிசை, மேடை, புகைப்படம் மூன்றும் கூடாது. இருட்டிய பிறகு வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உண்டியல் பணத்தைத் திருச்சபையின் சமூகப்பணி அமைப்பான காரித்தாஸ் இந்தியாவின் தவக்கால இயக்கத்துக்கு மறைமாவட்டம் வழியாக அனுப்புவது தனிக்கணக்கு. இரண்டையும் குழப்ப வேண்டாம். இறுதியில் மொத்தத் தொகையை மட்டும் அறிவியுங்கள். எந்த அன்பியம் முதலிடம் என்ற போட்டி வேண்டவே வேண்டாம்.

நோன்பும் சிலுவைப்பாதையும்

நோன்பு கடமையானது திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான். 18 வயது நிறைந்தவர் முதல் 59 நிறையும்வரை. ஒரு முழு உணவு, இரண்டு சிற்றுணவு. இறைச்சி தவிர்ப்பது 14 வயது நிறைந்ததிலிருந்து. சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, வெயிலில் கல் சுமப்பவர் ஆகியோர் நோன்பிருக்கத் தேவையில்லை என்று பலிபீடத்திலிருந்தே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெரிய வெள்ளியன்று யாராவது மயங்கி விழுவார்கள்.

சிலுவைப்பாதை 14 நிலை. நிலைக்கு மூன்று நிமிடம் என்றால் 42 நிமிடம். அன்பியத் தெருக்களில் நடத்தும்போது எல்லாத் தெருக்களிலும் நிலை அமைய வேண்டும். எல்லா வெள்ளியும் ஒரே தெருவில் தொடங்கி ஒரே தெருவில் முடிந்தால், மற்றவர்கள் பார்வையாளர்கள்தான். ஊர்வலத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்தில் எழுத்து அனுமதியை ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். சீமோன் சிலுவை சுமக்கும் ஐந்தாம் நிலையைத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் வாசிக்கட்டும். எழுதிக் கொடுத்துத் திருத்தாதீர்கள், அவர் சொல்வதைச் சொல்லட்டும்.

பெரிய வியாழன், பெரிய வெள்ளி

பாதம் கழுவப் பன்னிரண்டு பேர் என்று விதி இல்லை, பழக்கம்தான். வத்திக்கானின் 2016 ஜனவரி ஆணைக்குப் பிறகு பெண்களும் இருக்கலாம். ஆனாலும் பேரவை உறுப்பினர் பன்னிரண்டு பேர், பெடிக்யூர் செய்த காலோடு உட்காரும் காட்சி மாறவில்லை. எல்லா அன்பியத்திலிருந்தும், எல்லாத் தெருவிலிருந்தும், ஒரு மாற்றுத்திறனாளி, ஒரு கைம்பெண், ஒரு பத்து வயதுப் பிள்ளை என்று தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரம் முன்பே தனியாகக் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். நாற்காலிகளைப் பீட மேடையில் போடாமல் தரையில் போட்டால் முதியவர்கள் தடுக்கி விழ மாட்டார்கள். ஆளுக்கொரு துண்டு, வெதுவெதுப்பான நீர் பத்து லிட்டர்.

பெரிய வெள்ளியன்று பல பங்குகளில் கஞ்சி ஊற்றுவார்கள். நூறு பேருக்குப் புழுங்கல் குருணை 6 கிலோ, பச்சைப்பயறு 2 கிலோ, தண்ணீர் 60 லிட்டர், உப்பு சுமார் அரைக் கிலோ, துவையலுக்குத் தேங்காய் பத்து. பாத்திரம் 80 லிட்டருக்குக் குறையக் கூடாது. பயறை முதலில் முக்கால் பதம் வேகவிட்டுப் பிறகு அரிசியைப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் அரிசி கரைந்து பயறு கடிக்கும். வழிபாடு நீண்டால் கஞ்சி இறுகும், ஆகவே பத்து லிட்டர் கொதிநீர் தனியாக இருக்கட்டும். டோக்கன் கொடுக்காதீர்கள். வழியில் போகிறவர் வந்தாலும் ஊற்றுங்கள். ஊற்றுபவர்களில் பங்குத்தந்தையும் இருக்கட்டும், கடைசியாகக் குடிப்பவர்களில் பேரவைத் தலைவர் இருக்கட்டும்.

பாஸ்காவுக்குப் பின்

நெடுநாள் கழித்துத் திரும்பி வந்தவரை அடுத்த ஞாயிறே மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்வார்கள்; மறுவாரம் அன்பியச் செயலர் ஆக்குவார்கள்; மூன்றாம் வாரம் வரிப் பாக்கியை நினைவூட்டுவார்கள். நான்காம் வாரம் அவர் வரமாட்டார். பாஸ்காவிலிருந்து ஐம்பதாம் நாளான பெந்தெகொஸ்தே வரைக்குமாவது அவரைச் சும்மா உட்கார்ந்து பூசை காண விடுங்கள். பாக்கியைப் பேசத்தான் வேண்டுமென்றால் ஜூனில் பங்குத்தந்தை தனியாகப் பேசட்டும். கட்ட முடியாதவருக்குத் தள்ளுபடி செய்யும் அதிகாரத்தைப் பேரவை முன்கூட்டியே தீர்மானமாக எழுதி அவரிடம் கொடுத்திருக்க வேண்டும்.