ட்வின் டப் வாஷிங் மெஷினில் ஸ்பின்னர் சுற்றவில்லையா? மோட்டாரில் கைவைக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

பழைய ட்வின் டப் மெஷினில் துவைக்கும் பக்கம் நன்றாக ஓடும், பிழியும் பக்கம் மட்டும் படுத்துவிடும். உடனே "மோட்டார் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் போயிருப்பது மோட்டார் அல்ல. பிரேக் வயர், மூடி சுவிட்ச், மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கண்டென்சர் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றையும் புதிதாகக் கற்றுக்கொள்பவரே சரிசெய்யலாம்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். துவைக்கும் பக்கத்துக்கு ஒரு மோட்டார், ஸ்பின்னருக்குத் தனியாக ஒரு மோட்டார். ஸ்பின் மோட்டாருக்கு பெல்ட் கிடையாது. டிரம்மின் தண்டு நேராகக் கீழே இறங்கி, மோட்டாரின் தலையில் இருக்கும் கப்ளிங்கில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கப்ளிங்கின் வெளிவட்டம்தான் பிரேக் டிரம். மோட்டார் மூன்று ஸ்ப்ரிங்குகளின் மேல் ஆடிக்கொண்டே நிற்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1300 முதல் 1400 சுற்று போகும். மூடியை மூடினால் இரண்டு வேலை நடக்கும்: சுவிட்ச் சேரும், பிரேக் வயர் இழுபட்டு, பிரேக் டிரம்மை அழுத்திப் பிடித்திருக்கும் பிரேக் ஷூ விலகும். திறந்தால் இரண்டும் தலைகீழாக நடக்கும். பாதிக் கோளாறுகள் இந்த மூடியைச் சுற்றித்தான் வரும்.

தேவையான சாமான்கள்: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 10 மி.மீ. ஸ்பேனர், மல்டிமீட்டர் (கண்டென்சர் அளக்கும் வசதி இருந்தால் நல்லது), நுண்ணிய உப்புத்தாள், துருவை இளக்கும் எண்ணெய், டார்ச்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, பின்பக்க மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். உள்ளே எந்த வயரையும் உருவுவதற்கு முன்பு செல்போனில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், அல்லது சூடாகி எரியும்.

பிளக் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதன் இரு முனைகளையும் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் சில நொடிகள் இணைத்து வடித்துவிடுங்கள். ரெசிஸ்டரின் கம்பியைக் கையால் தொடாமல், காப்பிட்ட குறடால் பிடியுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம், கண்டென்சரே கெட்டுப்போகும்.

சத்தத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம்

சத்தமே இல்லை என்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவில்லை: மூடி சுவிட்ச், டைமர், அறுந்த வயர் ஆகியவற்றைப் பாருங்கள். துவைக்கும் பக்கம் ஓடுகிறது என்றால் பிளக்கும் மெயின் வயரும் சரி. "உர்ர்ர்" என்று முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லையேல் கண்டென்சர் பலவீனம். மெதுவாகச் சுற்றி ரப்பர் கருகும் வாடை வந்தால் பிரேக் உரசுகிறது. தடதடவென்று அடித்தால் துணி ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும் அல்லது அடி ஸ்ப்ரிங் போயிருக்கும்.

படி 1: கையால் சுற்றிப் பாருங்கள்

பிளக் வெளியே இருக்கும்போது டிரம்மைக் காலிசெய்து, மூடியைத் திறந்து வைத்துச் சுற்றுங்கள். பிரேக் பிடித்திருப்பதால் இறுக்கமாக இருக்கும், அதுதான் சரி. இப்போது பின்பக்கமாக, மூடியை மூடினால் வயர் எப்படி இழுக்கப்படுமோ அப்படி பிரேக்கை விலக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கப்ளிங்கைச் சுற்றுங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். அப்போதும் இறுகினால் டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவே பாருங்கள். ஒரு சாக்ஸோ கைக்குட்டையோ தண்டில் சுற்றிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். டார்ச் அடித்தால் தெரியும், வளைந்த கம்பியால் இழுத்துவிடலாம்.

தொட்டியில் தண்ணீர் தேங்கியிருந்தாலும் டிரம் வேகமெடுக்காது. வடிகால் குழாய் மடங்கியிருக்கிறதா, உயரமாகத் தூக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இதற்காக மோட்டாரை மாற்றியவர்கள் உண்டு.

படி 2: பிரேக் வயர்

மூடியை மெதுவாக மூடித் திறந்துகொண்டே பிரேக் ஷூவைப் பாருங்கள். மூடினால் ஷூ பிரேக் டிரம்மை விட்டுத் தெளிவாக விலக வேண்டும், கண்ணுக்கு இடைவெளி தெரிய வேண்டும். விலகவில்லை என்றால் வயர் நாளடைவில் நீண்டிருக்கும். பல மெஷின்களில் வயரின் நுனியில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். ஒரு துளை இறுக்கமாக மாட்டினால் போதும். வயர் இழை பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள், முடிச்சுப் போட்டு ஓட்டாதீர்கள்.

ரொம்பவும் இறுக்கிவிட்டால் மூடியைத் திறந்தாலும் பிரேக் பிடிக்காது. அது இன்னும் ஆபத்து. பிரேக் ஷூ மீது எண்ணெய், கிரீஸ் எதுவும் படவே கூடாது.

படி 3: மூடி சுவிட்சும் டைமரும்

மேல் பேனலைக் கழற்றினால் மூடியின் கீல் பக்கத்தில் இரண்டு பித்தளைத் தகடுகள் கொண்ட சுவிட்ச் தெரியும். அதன் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். மூடினால் பீப் வர வேண்டும், திறந்தால் நிற்க வேண்டும். முனைகள் கருத்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தகடு வளைந்திருந்தால் நிமிர்த்துங்கள்.

"சுவிட்சை நேராக இணைத்துவிடு, வேலை முடிந்தது" என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த வேகத்தில் சுற்றும் டிரம்முக்குள் ஒரு குழந்தை கை விட்டால், துணி கையைச் சுற்றி முறுக்கிவிடும்.

ஸ்பின் டைமர் பொதுவாக 5 நிமிட ஸ்ப்ரிங் டைமர், இரண்டே வயர். திருப்பினால் பீப், பூஜ்யத்துக்கு வந்தால் நிற்க வேண்டும். குமிழ் பிடிப்பில்லாமல் சுழன்றால் முதலில் குமிழையே பாருங்கள், உட்புறம் தேய்ந்திருக்கலாம். டைமரின் பல் போயிருந்தால் பிரித்துச் சரிசெய்வது வீண்வேலை, புதிதாகப் போடுங்கள்.

படி 4: கண்டென்சர்

ஸ்பின் மோட்டாரின் கண்டென்சர் பெரும்பாலும் 4 முதல் 6 மைக்ரோஃபாரட் வரை இருக்கும். சில மெஷின்களில் துவைக்கும் மோட்டாருக்கும் சேர்த்து ஒரே டப்பாவில் இரண்டு மதிப்பு போட்டிருக்கும், சிறிய எண்தான் ஸ்பின்னருக்கு. உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ அளக்கவே தேவையில்லை. 5 என்று போட்டிருப்பது 4.5-க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். புதியது அதே மைக்ரோஃபாரட், வோல்ட் அதே அல்லது அதிகம் (வழக்கமாக 440 அல்லது 450 ஏசி). "பெரிசாப் போட்டா வேகமா ஓடும்" என்பது தவறு, காயில் சூடாகி எரியும்.

டிரம்மைக் கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறதா என்று சோதிக்கும் முறையும் ஒன்று உண்டு. கரண்ட் இருக்கும்போது அதைச் செய்ய வேண்டாம்.

படி 5: மோட்டார் காயில்

இதுவரை எல்லாம் சரி என்றால் மட்டும் மோட்டார். மூன்று வயரையும் கழற்றி, இரண்டிரண்டாக ஓம் அளவில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சிறிய இரண்டு அளவுகளைக் கூட்டினால் பெரிய அளவு கிட்டத்தட்ட வர வேண்டும். எதிலாவது அளவே காட்டவில்லை என்றால் காயிலோ உள்ளே இருக்கும் வெப்ப ஃபியூஸோ அறுந்திருக்கிறது. ஏதாவது ஒரு வயருக்கும் மோட்டார் உடலுக்கும் தொடர்பு காட்டினால் அந்த மோட்டாருக்கு மறுபடி கரண்ட் கொடுக்காதீர்கள், ஷாக் அடிக்கும்.

மோட்டார் எரிந்திருந்தால் ஏன் எரிந்தது என்று பாருங்கள். அதன் தலையில் துருவும் சோப்புக் கறையும் இருந்தால், காரணம் மேலே, தொட்டித் தண்ணீர் தண்டு வழியாகக் கீழே ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் சீல். அதை மாற்றாமல் புது மோட்டார் போட்டால், அதுவும் அதே தண்ணீரில் நனையும்.

சீல் மாற்றும் விதம்

கப்ளிங்கின் போல்ட்டுக்கு முன்னால் ஒரு பூட்டு நட் இருக்கும். அதை 10 மி.மீ. ஸ்பேனரால் தளர்த்தி, பிறகு போல்ட்டை நன்றாக வெளியே திருகுங்கள். போல்ட்டின் நுனி தண்டில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் தளர்த்தினால் டிரம் வராது. துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள், சுத்தியால் அடித்தால் தண்டு வளையும். வளைந்த தண்டு கடைசிவரை அதிரும்.

டிரம்மை நேராக மேலே தூக்கிவிட்டு, தொட்டியின் அடியில் இருக்கும் பழைய ரப்பரை உருவுங்கள். உட்காரும் இடத்தில் சோப்புப் படிவைச் சுரண்டித் துடையுங்கள். புதிய சீலின் உள் உதட்டில் தண்ணீருக்குக் கரையாத கிரீஸை மெல்லப் பூசி, விளிம்பு முழுக்கப் பதியும்படி அழுத்தி, தண்டை இறக்கி போல்ட்டை முடுக்குங்கள். போல்ட் நுனி பள்ளத்தில் விழுந்ததா என்று டிரம்மைச் சற்று அசைத்து உறுதிசெய்துகொண்டு பூட்டு நட்டை இறுக்குங்கள்.

கரண்ட் கொடுக்கும் முன், வடிகால் குழாயை உயர்த்திப் பிடித்து ஸ்பின் தொட்டியில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். மோட்டார் மேல் ஒரு சொட்டும் விழக் கூடாது.

அடி ஸ்ப்ரிங்கில் ஒன்று போயிருந்தால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். புதியதும் பழையதும் கலந்தால் மோட்டார் சாய்ந்து நிற்கும்.

ஓட்டிப் பார்ப்பது

பின்மூடியை மாட்டி, எர்த் வயர் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். முதலில் காலி டிரம்மை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். அடுத்து ஈரத்துணியைச் சமமாகப் பரப்பி, மேலே அழுத்தும் தட்டை வைத்து ஓட்டுங்கள். முழு வேகத்தில் போகும்போது மூடியைத் திறந்து நொடிகளை எண்ணுங்கள். 15 நொடிக்குள் நிற்கவில்லை என்றால் துணி துவைக்கப் போகாமல் படி 2-க்குத் திரும்புங்கள்.