கடலுக்குப் போனவர் கரை சேரும்வரை பூட்டு: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தியரி குழு நடத்தும் முறை

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் முடிவும் 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' முதல் இரண்டு சீசனின் திருப்பங்களும் இதில் வெளிப்படையாக வருகின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். தியரி என்றால், தொடரில் கிடைக்கும் குறிப்புகளை வைத்து ரசிகர்கள் போடும் கணிப்பு. பூட்டு என்றால், எல்லாரும் பார்க்கும்வரை கதை பேசத் தடை.

முதலில் நேரம்

அமெரிக்காவில் ஞாயிறு இரவு 9 மணிக்கு எச்.பி.ஓ. சேனலில் வரும் எபிசோடு, அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருந்தால் நமக்குத் திங்கள் காலை 6:30. துபாயில் வேலை பார்க்கும் கீழக்கரை, பெரியபட்டினத்துக்காரர்களுக்கு விடிகாலை 5 மணி. ராமேஸ்வரம் விசைப்படகுகள் கடலுக்குப் போவதோ திங்கள், புதன், சனி. திங்கள் காலை போனவர் செவ்வாய் காலைதான் கரைக்கு வருவார். மீனை இறக்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கி எழ மதியம் தாண்டிவிடும்.

மற்ற ஊர்க் குழுக்களில் வைக்கும் ஒருநாள் பூட்டு இங்கே செல்லாது. செவ்வாய் இரவு 9 மணி வரை பொதுக் குழுவில் கதை பேசக் கூடாது என்று எழுதியே வைத்துவிடுங்கள். பார்த்து முடித்தவர்களுக்குத் தனிக் குழு இருக்கட்டும். அதில் அவரவர் 'பார்த்துவிட்டேன்' என்று சொன்ன பிறகுதான் சேர்க்க வேண்டும். "காக்கா (அண்ணா), நீங்க இன்னும் பாக்கலேல்ல? அப்ப நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நகர்கிறவரை நம்பி அட்மின் பொறுப்பைக் கொடுக்கலாம்.

பூட்டு உடைவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை, நோட்டிஃபிகேஷனால். மேலே பத்துப் புள்ளி வைத்துக் கீழே விஷயத்தை எழுதினாலும், மூடிய திரையில் சில வரிகள் எட்டிப் பார்த்துவிடும். டெலிகிராமில் வரியை மறைத்து அனுப்பும் வசதி இருக்கிறது. வாட்ஸாப்பில் என்றால் குரல் பதிவாக அனுப்புங்கள். அதற்கு முன் 'சீசன் 2, எபிசோடு 4' என்று ஒரு வரி போதும். ஸ்டேட்டஸிலும் முகப்புப் படத்திலும் கதையில் செத்த பாத்திரத்தின் படத்தை வைப்பதற்கும் இதே பூட்டுதான்.

பார்க்கும் முறை

2019 ஏப்ரலில் வந்த எட்டாம் சீசன் மூன்றாம் எபிசோடு, 82 நிமிட இரவுப் போர். ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் புகார் எழுந்தது. கிழக்குக் கடற்கரையில் காலை 6:30-க்கு வெயில் நேரே வீட்டுக்குள் அடிக்கும். இருட்டுக் காட்சி என்றால் இன்னும் மோசம். சன்னலுக்குக் கனமான துணி கட்டுங்கள். டிவியில் மின்சாரச் சேமிப்பு முறையை அணைத்து, சினிமா முறைக்கு மாற்றுங்கள். சிக்னல் குறைந்தால் கறுப்புப் பகுதி முதலில் கட்டம் கட்டமாக உடையும். அப்போது ஓடவிட்டுப் பார்க்காமல், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் போனில் இறக்கிக்கொண்டு வந்து பாருங்கள்.

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். முடிந்த பத்து நிமிடத்துக்குள், யாரிடமும் பேசுவதற்கு முன், மூன்று வரி எழுதிவிடுங்கள்: எது பிடித்தது, எது நம்பும்படி இல்லை, அடுத்து என்ன நடக்கும். அடுத்தவர் கருத்தைக் கேட்டபின் எழுதினால் அது உங்கள் கருத்து இல்லை. இரண்டாம் முறைதான் தியரிக்கு. சப்டைட்டில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எபிசோடு, நிமிடம், யார் யாரிடம் சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று நோட்டில் குறிக்க வேண்டும். நிமிடக் குறிப்பு இல்லாத ஆதாரத்தைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். நினைவு தானாக வசனம் சேர்த்துக்கொள்ளும்.

ஆதாரத்துக்குத் தரம்

ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் எழுத்து போடுங்கள். அ என்றால் திரையில் நடந்தது. ஆ என்றால் ஒரு பாத்திரம் சொன்னது. அவர் பொய் சொல்லலாம், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். இ என்றால் கனவு, தீர்க்கதரிசனம். ஈ என்றால் புத்தகத்தில் மட்டும் உள்ளது. டிரெய்லரும் நடிகர் பேட்டியும் கணக்கிலேயே இல்லை. 2015-ல் ஐந்தாம் சீசன் கடைசியில் ஜான் ஸ்நோ குத்துப்பட்டதும், அவர் இறந்துவிட்டார் என்றே நடிகரும் தயாரிப்புத் தரப்பும் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ஆறாம் சீசன் இரண்டாம் எபிசோடில் கண் திறந்தார்.

நல்ல தியரி எப்படி நிற்கிறது என்று பழக, ஜானின் பிறப்பு பற்றிய தியரியை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். ஜான், நெட் ஸ்டார்க்கின் மகன் இல்லை. நெட்டின் தங்கை லியானாவுக்கும் இளவரசர் ரேகாருக்கும் பிறந்தவர் என்பது 1990-களிலேயே புத்தக வாசகர்கள் போட்ட கணக்கு. தொடரில் முதல் சீசன் இரண்டாம் எபிசோடில் நெட் விடைபெறும்போது, என் பெயர் உனக்கு இல்லாவிட்டாலும் என் இரத்தம் உண்டு என்கிறார். தங்கை மகனுக்கும் அது பொருந்தும். 'என் மகன்' என்று அங்கே அவர் சொல்லவில்லை. இது ஆ தரம்.

அடுத்து 2015 மே மாதம் வந்த ஐந்தாம் சீசன் நான்காம் எபிசோடு. ரேகார், தன் மனைவியைத் தாண்டிப் போய் லியானாவின் மடியில் பூமுடி வைத்த கதையை லிட்டில்ஃபிங்கர் என்பவர் நெட்டின் மகள் சான்சாவிடம் சொல்கிறார். ரேகார் கடத்திப் போய்க் கெடுத்தவன்தானே என்கிறாள் சான்சா. அவர் அதற்கு ஆமாம் போடவில்லை. வேறொரு நாட்டில் பாரிஸ்டன் என்ற வயதான வீரர், ரேகார் தெருவில் பாடியதை ரேகாரின் தங்கை டெனேரிஸிடம் சொல்கிறார். வடக்கு எல்லைச் சுவரில், அரியணைக்கு உரிமை கோரும் ஸ்டானிஸ், வேறு பெண்ணிடம் பிள்ளை பெறுவது நெட்டின் வழக்கமே இல்லை என்கிறார். ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மூன்று பேர், ஒரே எபிசோடில், ஒரே பழைய சங்கதியைச் சுற்றுகிறார்கள். எழுதியவர்கள் வேண்டுமென்றே அடுக்கியது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. தாய் லியானா என்பது 2016-ல் ஆறாம் சீசன் கடைசி எபிசோடிலும், அவரும் ரேகாரும் மணந்துகொண்டவர்கள் என்பது 2017-ல் ஏழாம் சீசன் கடைசி எபிசோடிலும் வந்தன.

எங்கே உடைகிறது

நெட்டின் மகன் பிரான்தான், செத்தவர் படையை நடத்தும் நைட் கிங் என்ற தியரிக்கு ஏகப்பட்ட ரசிகர்கள் இருந்தார்கள். ஆறாம் சீசனில் நைட் கிங் பிடித்ததில் பிரான் கையில் விழுந்த தடத்தில் தொடங்கி உடை வரை எல்லாமே அதற்கு ஆதாரம் ஆனது. எந்தக் காட்சி வந்தால் இது பொய் என்று ஒப்புக்கொள்வோம் என யாரும் எழுதிவைக்கவில்லை, குறை அதுதான். எட்டாம் சீசனில் பிரானின் அக்கா ஆர்யா நைட் கிங்கைக் கொன்றாள்; பிரான் உயிரோடிருந்து கடைசியில் அரசனானான். ஆகவே ஒவ்வொரு தியரிப் பக்கத்தின் அடியிலும் 'இது நடந்தால் கைவிடுவோம்' என்று ஒரு வரி கட்டாயம். தேதியும் போடுங்கள்.

இன்னொரு பள்ளம், புத்தகத்தில் இருந்ததால் தொடரிலும் இருக்கும் என்று எண்ணுவது. அரசி செர்ஸியைத் தம்பி ஒருவன் கழுத்தை நெரித்துக் கொல்வான் என்பது புத்தகத்தில் வரும் குறி. ஐந்தாம் சீசன் தொடக்கத்தில் குறிகாரி காட்சி வந்தபோது, மூன்று பிள்ளைகள் பற்றிய பகுதி இருந்தது, தம்பி பற்றிய பகுதி இல்லை. விட்டுப்போன அந்த வரியையும் அ தரத்தில் எழுதியிருக்க வேண்டும். அவளோடு இரட்டையாகப் பிறந்த தம்பி ஜேமிதான் கொல்வான் என்று கடைசி வரை காத்திருந்தவர்கள், இருவரும் இடிபாட்டில் சேர்ந்து இறந்ததைப் பார்த்து ஏமாந்தார்கள்.

'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதன் மூலநூல் 2018-ல் வந்தது. ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும் சாட்சிகளை வைத்து எழுதிய வரலாறு போல அமைந்தது. அதில் கொலையுண்ட லேனோர் (இளவரசி ரெய்னிராவின் கணவர்), தொடரின் முதல் சீசன் ஏழாம் எபிசோடில் செத்ததாக நடித்துப் படகில் தப்பிவிடுகிறார். புத்தகத்தில் வரும் அரசி ஹெலேனாவின் இளைய மகன் இரண்டு சீசனிலும் இல்லவே இல்லை. புத்தகம் படித்தவர் குழுவில் இருந்தால், அவர் சொல்வதை ஈ தரத்தில் மட்டும் பதியுங்கள். நடக்கப்போவதை அவர் பொதுவில் சொல்லவும் கூடாது.

கூட்டமும் தடைக்காலமும்

ஆறு முதல் பத்துப் பேர் போதும். அதற்கு மேல் போனால் குரல் பெரியவர் தியரிதான் ஜெயிக்கும். புதன் படகுக்குப் போகாதவர்களை வைத்து அன்று மாலை கூடலாம். போகிறவர்கள் குறிப்பை முந்தின இரவே கொடுத்துவிட வேண்டும். ஒரு தியரிக்குப் பத்து நிமிடம். முதலில் எதிர்ப்பவர் பேசட்டும், பிறகு முன்வைத்தவர். ஓட்டுகளை வாயால் கேட்காமல் சீட்டில் வாங்குங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், முழுத் தொடரையும் திரும்பப் பார்க்க ஏற்றது. எட்டு சீசனில் மொத்தம் 73 எபிசோடு. நாளுக்கு ஒன்று, சனி ஞாயிறு இரண்டு என்று வைத்தால் நாலைந்து நாள் மிச்சமாகும். பழுது பார்க்கிற, வலை கட்டுகிற வேலை பகலில் இருக்கும் என்பதால் இரவு 8 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நாட்களில் பழைய நோட்டைத் திறந்து, தோற்ற தியரி ஒவ்வொன்றிலும் எந்தக் குறிப்புக்குத் தரம் கூட்டிப் போட்டிருந்தது என்று சிவப்பு மையால் குறித்துவிடுங்கள்.