ஒரு சீசன் ஃபினாலேயைக் காட்சி காட்சியாகப் பிரிப்பது எப்படி? ('சார்ம்டு' மூன்றாம் சீசனை வைத்து)

திரைக்கதை எழுதிப் பழகுகிறவர்களும் தொடர்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்களும் ஒரு எபிசோடையாவது அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். சீசன் ஃபினாலே, அதாவது சீசனின் கடைசி எபிசோட், அதற்குத் தோதான சரக்கு. 22 எபிசோடுகளாக விதைத்ததை ஒரே மணி நேரத்தில் அறுத்தாக வேண்டும் என்பதால் எழுத்தாளரின் தையல்கள் வெளியே தெரியும். இந்தப் பயிற்சிக்கு, மூன்று சூனியக்காரச் சகோதரிகளைப் பற்றிய அமெரிக்கத் தொடரான 'சார்ம்டு'வின் மூன்றாம் சீசன் ஃபினாலேயை எடுத்துக்கொள்வோம். எபிசோடின் பெயர் 'ஆல் ஹெல் பிரேக்ஸ் லூஸ்', ஒளிபரப்பான நாள் 2001 மே 17, எழுதியவர் பிராட் கெர்ன். இயக்கியவர் ஷானன் டோஹர்ட்டி, மூத்த சகோதரி ப்ரூவாக நடித்தவரும் அவரே.

முடிவு உட்பட எல்லாவற்றையும் கீழே போட்டு உடைத்திருக்கிறேன். பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

தேவையானவை

எபிசோட், விஎல்சி பிளேயர், ஒரு கூகுள் ஷீட், மூன்று மணி நேரம். திரைக்கதை மென்பொருள் எதுவும் வேண்டாம். அவை எழுதுவதற்கு நல்லவை, பிரித்துப் பார்ப்பதற்கு ஷீட்தான் சரி. காரணம் ஐந்தாம் படியில் புரியும்: வரிசைகளை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். காகித அட்டைதான் பிடிக்கும் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் மின்விசிறியை அணைத்துவிட்டு.

படி 1: சரியான 'சார்ம்டு'தானா என்று பாருங்கள்

இந்தப் பெயரில் இரண்டு தொடர்கள் உண்டு. நமக்கு வேண்டியது 1998 முதல் 2006 வரை டபிள்யூபி சேனலில் வந்த பழையது. ப்ரூ, பைப்பர், ஃபீபி என்ற மூன்று சகோதரிகள், சான் பிரான்சிஸ்கோவில் பாட்டி விட்டுப்போன ஒரு பழைய வீடு. இன்னொன்று 2018-இல் சிடபிள்யூ சேனலில் தொடங்கிய மறு ஆக்கம். வம்பு என்னவென்றால், அதிலும் மூன்றாம் சீசன் ஃபினாலேயில் மூத்த சகோதரிதான் இறக்கிறாள். "சார்ம்டு மூன்றாம் சீசன் கடைசி எபிசோட், அக்கா சாவு" என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். ஆள் பெயரைப் பார்த்து எடுங்கள்: ப்ரூ என்றால் பழையது, மேஸி என்றால் புதியது.

படி 2: முதல் முறை கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

நிறுத்தாதீர்கள், குறிப்பு எடுக்காதீர்கள். முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "எந்த இடத்தில் வயிற்றைப் பிசைந்தது?" அந்த வரியைப் பத்திரமாக வையுங்கள். பிரித்து மேய்ந்த பிறகு அந்த முதல் உணர்ச்சி திரும்பக் கிடைக்காது.

படி 3: காட்சிப் பட்டியல்

இரண்டாம் முறை பார்க்கும்போது ஷீட்டில் ஆறு பத்திகள்: வரிசை எண், நேரம், இடம், யார் இருக்கிறார்கள், யார் இல்லை, காட்சியின் முடிவில் என்ன மாறியது.

விஎல்சியில் 'T' விசையை அழுத்தினால் நேரம் திரையில் வரும். ஷிஃப்டோடு இடது அம்புக்குறி மூன்று நொடி பின்னால் போகும். 'E' விசை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும். இந்த மூன்றும் போதும்.

இடமோ நேரமோ மாறினால் புதுக் காட்சி. கேமரா கோணம் மாறினால் அது ஷாட். ஒவ்வொரு ஷாட்டுக்கும் வரிசை போட ஆரம்பித்தால் பட்டியல் நூறைத் தாண்டும், பாதியில் வெறுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். பட்டியல் வீங்கினால் இதுதான் காரணம்.

இந்த எபிசோடில் கதை மேலும் கீழுமாகத் தாவிக்கொண்டே இருக்கும். மேலே ப்ரூவும் பைப்பரும், கீழே பாதாளத்தில் தன் காதலன் கோலை மீட்கப் போன ஃபீபி. ஒவ்வொரு தாவலும் தனி வரிசை. மேலுலகத்துக்கு ஒரு வண்ணம், பாதாளத்துக்கு ஒரு வண்ணம் கொடுங்கள். தூரத்தில் நின்று பார்த்தாலே தாளம் தெரியும்.

"யார் இல்லை" என்ற பத்தியைத் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த எபிசோடுக்கு அதுதான் சாவி, விடாதீர்கள்.

படி 4: விளம்பர இடைவெளிகளைக் கண்டுபிடியுங்கள்

அமெரிக்க சேனல் தொடர்கள் விளம்பரத்துக்காகவே அங்கங்களாக வெட்டி எழுதப்பட்டவை. தலைப்புப் பாடலுக்கு முன் ஒரு சிறு துண்டு, பிறகு அங்கங்கள். டிவிடியிலும் ஸ்ட்ரீமிங்கிலும் விளம்பரம் இருக்காது, ஆனால் திரை ஒரு கணம் கறுத்து மீளும். அங்கே ஒரு தடித்த கோடு போட்டு, அப்போது பார்வையாளர் மனதில் நிற்கும் கேள்வியைக் கேள்வியாகவே எழுதுங்கள். "பரபரப்பான கட்டம்" என்று எழுதினால் பயனில்லை. "நேரலையில் ஊரே பார்த்துவிட்டதே, இனி எப்படி வீட்டை விட்டு வெளியே வருவார்கள்?" என்று எழுதினால்தான் அடுத்த அங்கம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எதைத் தள்ளிப்போடுகிறது என்று பிடிபடும்.

படி 5: ஒரே காட்சி இரண்டு முறை

ஆரம்பக்காரர்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் போவோம்.

எபிசோடின் தொடக்கம்: டாக்டர் கிரிஃபித்ஸ் என்பவரைக் கொல்ல ஷாக்ஸ் என்ற அசுரன் வருகிறான். பாதாளத்தின் தலைவனான சோர்ஸ் ஏவிய கொலையாள் அவன், சூறைக்காற்றாகப் புகுபவன். ப்ரூவும் பைப்பரும் டாக்டரை வீட்டில் வைத்துக் காக்கப் பார்க்கிறார்கள். இருவரையும் சுவரோடு பெயர்த்து வீசுகிறான். ஃபீபி ஓடிவந்து மந்திரத்தைச் சொல்கிறாள். மூவரும் சேர்ந்து சொல்ல வேண்டிய மந்திரத்தை ஒருத்தி சொன்னதால் அவன் சாகவில்லை, காயத்தோடு ஓடுகிறான். பைப்பரின் கணவன் லியோ, காவல் தேவதை மாதிரி ஒருவன், வந்து இருவரையும் குணப்படுத்துகிறான்.

பிறகு கதை வேறு திசையில் ஓடுகிறது. ப்ரூவும் பைப்பரும் தெருவில் ஷாக்ஸோடு மோதுவது டிவியில் நேரலையாகப் போய்விடுகிறது. வீட்டைச் சுற்றிக் கூட்டம், செய்தி வண்டிகள். கூட்டத்தோடு வந்த ஆலிஸ் என்ற பெண் சுட்டதில் பைப்பருக்குக் குண்டு பாய்கிறது. ப்ரூ லியோவைக் கூப்பிடுகிறாள், அவன் வரவில்லை. பாதாளத்தில் இருக்கிறான், அங்கே மேலிருந்து கூப்பிடுவது கேட்காது. பைப்பர் மருத்துவமனையில் இறக்கிறாள். கீழே ஃபீபி சோர்ஸிடம் பேரம் பேசுகிறாள்: டெம்பஸ் என்ற அசுரனை வைத்துக் காலத்தைப் பின்னால் திருப்பினால் அவள் பாதாளத்திலேயே தங்கிவிடுவாள்.

காலம் திரும்புகிறது. அதே வீடு, அதே டாக்டர், அதே காற்று, அதே சுவர்.

பலருடைய ஷீட்டில் இந்த இடத்தில் "முதல் காட்சி திரும்ப வருகிறது" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அதோடு எபிசோடே கைநழுவிவிடும். இப்படிச் செய்யுங்கள்: முதல் காட்சியின் வரிசைகளை நகல் எடுத்து ஒரு புதிய தாளில் இடப்பக்கம் ஒட்டுங்கள். கடைசிக் காட்சியை அதற்கு நேர் வலப்பக்கம் எழுதுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வரிசை:

ஷாக்ஸ் வருகிறான் / வருகிறான்.
ப்ரூ, பைப்பர் வீசப்படுகிறார்கள் / வீசப்படுகிறார்கள்.
ஃபீபி மந்திரம் சொல்கிறாள் / (காலி)
லியோ குணப்படுத்துகிறான் / (காலி)
டாக்டர் பிழைக்கிறார் / ஜன்னல் வழியே வீசப்படுகிறார்.

அந்த இரண்டு காலிக் கட்டங்கள்தான் ஃபினாலே. எழுத்தாளர் கடைசியில் புதுச் சண்டை எதையும் எழுதவில்லை, புது ஆயுதமும் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே நாம் பார்த்த காட்சியிலிருந்து இரண்டு பேரை உருவிவிட்டார், அவ்வளவுதான். அடுத்து ஃபீபி வந்தாக வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது, வாசல் பக்கம் கண் போகிறது, அவள் வரவில்லை. முதல்முறை பார்க்கும் காட்சியாக இருந்தால் இந்த அடி விழவே விழாது.

கட்டங்களை நிரப்பும்போது வரும் இன்னொரு தவறு: "அவர்கள் ஏன் இல்லை" என்பதற்கு "சோர்ஸின் சூழ்ச்சி" என்று எழுதி முடித்துவிடுவது. ஷீட்டில் மேலே உள்ள வரிசைகளில் தேடுங்கள். ஃபீபி கோலை மீட்கப் போனாள், அவளுக்காக லியோ போனான். கீழே இருந்தால் கூப்பிடுவது கேட்காது என்ற விதி பைப்பர் சாகும்போதே நமக்குக் காட்டப்பட்டுவிட்டது. அந்த விதியை முதன்முதலில் காட்டும் வரிசையிலிருந்து காலிக் கட்டத்துக்கு ஒரு அம்புக்குறி போடுங்கள்.

படி 6: வெளியே விதைத்தவை

ஷீட்டில் இன்னொரு தாள். இந்த எபிசோடுக்கு முன்பே தயாராக இருந்த பொருட்களை எழுதுங்கள். மூன்று எடுத்துக்காட்டுகள்:

டெம்பஸ் திடீரென்று முளைத்தவன் அல்ல. 1999 மே மாதம் வந்த முதல் சீசன் ஃபினாலேயிலேயே ஒரே நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். ப்ரூவின் காதலன் ஆண்டி அதில்தான் செத்தான். காலத்தைத் திருப்பும் தந்திரத்தோடு ப்ரூ ஒருவரை இழப்பதும் சேர்ந்தே வரும் என்பது அன்றே பதிந்தது.

சூனியக்காரிகள் என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை இரண்டாம் சீசனின் 'மொராலிட்டி பைட்ஸ்' எபிசோட் காட்டிவிட்டது. எதிர்காலத்து ஃபீபி எரிக்கப்படுகிறாள். அதனால் நேரலைக் கேமரா வரும்போது தனி விளக்கம் தேவைப்படவில்லை.

பைப்பருக்குப் பொருள்களை வெடிக்கவைக்கும் சக்தி வந்தது 'எக்ஸிட் ஸ்ட்ராடஜி'யில், ஃபினாலேக்கு இரண்டே எபிசோட் முன்னால். இவ்வளவு பெரிய சக்தியைக் கொடுத்துவிட்டு உடனே அவளைக் கையாலாகாமல் விழவைக்கிறார்கள். இது வேண்டுமென்றே செய்ததா என்று நீங்களே முடிவு செய்து எழுதுங்கள். எனக்கு அப்படித்தான் படுகிறது.

படி 7: கடைசி ஷாட்

ஷாக்ஸ் போன பிறகு வீட்டின் கதவுகள் தானாக மூடிக்கொள்கின்றன, எபிசோட் முடிகிறது. முதல் சீசனின் முதல் எபிசோடைத் திறந்து கடைசி நிமிடத்தைப் பாருங்கள். அங்கே வாசல் கதவைத் தன் சக்தியால் மூடுவது ப்ரூ. இரண்டையும் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்துவிட்டு, "மூடியது யார்" என்று ஒரு வரிசை சேருங்கள்.

வழக்கமாக வரும் சிக்கல்கள்

*நேரம் பொருந்தவில்லை:* 44 நிமிடம் ஓட வேண்டியது சிலருக்கு 42 நிமிடச் சொச்சத்தில் முடிகிறது. காட்சி எதுவும் வெட்டப்படவில்லை. ஐரோப்பாவின் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறைக்கான டிவிடியில் நொடிக்கு 24 ஃபிரேமை 25 ஆக ஓட்டுவார்கள், சுமார் 4 சதவீதம் வேகம் கூடும். இன்னொருவர் ஷீட்டோடு ஒப்பிட வேண்டுமானால் உங்கள் நேரத்தை 1.04-ஆல் பெருக்குங்கள். ஒப்பிடத் தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள், வரிசை எண் போதும்.

*"ப்ரூ இறக்கிறாள் என்று எழுதலாமா?"* இந்த எபிசோடின் ஷீட்டில் எழுதக் கூடாது. கடைசியில் இரண்டு சகோதரிகளும் விழுந்து கிடக்கிறார்கள் என்பது மட்டுமே திரையில் இருக்கிறது. யார் பிழைத்தார்கள் என்பது 2001 அக்டோபர் 4 அன்று நான்காம் சீசனின் தொடக்கமான 'சார்ம்டு அகெய்ன்' வந்தபோதுதான் தெரிந்தது. இடையில் சரியாக 20 வாரம். டோஹர்ட்டி தொடரை விட்டுப் போய்விட்டதால் நமக்கு விடை முன்பே தெரியும், ஷீட்டுக்குத் தெரியக் கூடாது.

*"காலத்தைத் திருப்பினால் எல்லாம் அழிந்துவிடுமே, ஏமாற்று வேலை இல்லையா?"* பெரும்பாலான தொடர்களில் ஆமாம். இங்கே இல்லை என்பது என் கட்சி. ஐந்தாம் படியின் இரண்டு பத்திகளைப் பாருங்கள்: வழக்கமாகக் காலம் திரும்பினால் நஷ்டம் அழியும், இங்கே காப்பாற்ற வந்தவர்கள் அழிந்திருக்கிறார்கள். மறுபடி ஓட்டியதில் நிலைமை மோசமாகியிருக்கிறது.

*நான்காம் சீசனின் தொடக்கத்தையும் சேர்க்கலாமா?* சேருங்கள், தனித் தாளில். அதில் "யார் இல்லை" பத்தியை முதலில் நிரப்பிவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.