அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பழைய சீசன் பட்டியலை வாசிப்பது எப்படி

இங்கே கால்பந்து என்றால், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் ஆரம்பகால சீசன்களில் மிகவும் வியக்கவைப்பது 1899-இல் டென்னசியின் சுவானி அணி ஆடியது: 12 ஆட்டம், 12 வெற்றி, அடித்த புள்ளி 322, கொடுத்தது வெறும் 10. இப்படியொரு பட்டியல் கைக்கு வந்ததும் பலர் இன்றைய விதியை மனதில் வைத்து, டச்டவுனுக்கு (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்ப்பது) 6 என்று கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். முதல் வரியிலேயே கணக்கு பிசகிவிடும். முதலில் ஆண்டைப் பாருங்கள். ஸ்கோரை அதற்கப்புறம் பார்க்கலாம்.

ஒரு துண்டுத் தாளில் இந்தப் புள்ளிமுறையை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1869: ஒரு கோலுக்கு ஒன்று. அந்த நவம்பர் 6-ஆம் தேதி ரட்கர்ஸ் 6–4 என்று பிரின்ஸ்டனை வென்றதில் டச்டவுனே கிடையாது. அணிக்கு 25 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடவும் கூடாது.
1883: சேஃப்டி (பந்து வைத்திருப்பவரை அவருடைய கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்குவது) 1, டச்டவுன் 2, டச்டவுனுக்குப் பின் அடிக்கும் உதை (இனி பின்னுதை) 4, ஃபீல்ட் கோல் (ஆட்டத்தின் நடுவே பந்தைக் கோல் கம்பங்களுக்கு இடையே உதைப்பது) 5.
1884 முதல்: டச்டவுன் 4, பின்னுதை 2, சேஃப்டி 2, ஃபீல்ட் கோல் 5.
1890-களின் கடைசி முதல்: டச்டவுன் 5, பின்னுதை 1, மற்றவை பழையபடி.
1904: ஃபீல்ட் கோல் 4. 1909: ஃபீல்ட் கோல் 3.
1912: டச்டவுன் 6.

டச்டவுன் 5 ஆன ஆண்டு 1897 என்று சில பட்டியல்களும் 1898 என்று சிலவும் சொல்லும். பல ஆட்டங்களில் இது தெரியவே தெரியாது. ஏனென்றால் 4+2-உம் 6, 5+1-உம் 6. பின்னுதை தவறிய ஆட்டத்தில்தான் வித்தியாசம் வெளியே வரும். அந்த இரண்டு ஆண்டுகளின் ஸ்கோரைப் பிரிக்கும்போது இரு முறையிலும் போட்டுப் பாருங்கள்.

அடுத்த வேலை, ஸ்கோரைப் பிரிப்பது. 4 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 1895-இல் அது பெரும்பாலும் பின்னுதை தவறிய ஒரு டச்டவுன். 1905-இல் பெரும்பாலும் ஒரு ஃபீல்ட் கோல். 1899-இலோ இரண்டு சேஃப்டி தவிர வேறு எப்படியும் 4 வராது. அதேபோல் 5: 1895-இல் ஃபீல்ட் கோல் மட்டுமே, 1905-இல் டச்டவுன் மட்டுமே, 1899-இல் இரண்டில் எதுவும் இருக்கலாம். 1899 ஆட்டத்துக்கு 3 என்று யாராவது போட்டிருந்தால் அது எழுத்துப்பிழை. அந்த ஆண்டின் விதியில் 3 சாத்தியமே இல்லை.

இந்தக் கணக்கு விடைகளைக் குறைத்துத் தரும், ஆனால் பல சமயம் ஒரே விடையில் நிறுத்தாது. சுவானி டெக்சஸை 12–0 என்று வென்றது. பின்னுதையோடு இரண்டு டச்டவுன் என்று உடனே எழுதிவிடத் தோன்றும். ஆனால் 5+5+2-உம் 12தான். எது நடந்தது என்பதை அன்றைய செய்தித்தாளின் ஆட்ட வர்ணனைதான் சொல்லும். ஸ்கோரிலிருந்து ஊகித்ததை நடந்ததாக எழுதிவிடாதீர்கள். இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

பின்னுதை ஏன் அவ்வளவு தவறியது என்று கேட்கலாம். இன்றுபோல் கம்பங்களுக்கு நேரே பந்தை வைத்து உதைக்கும் வசதி அன்று இல்லை. எந்த இடத்தில் பந்தைத் தரையில் தொட்டீர்களோ, அதற்கு நேர் எதிரே மைதானத்துக்குள் எடுத்து வந்துதான் உதைக்க வேண்டும். மூலையில் தொட்டால் கோணம் குறுகிவிடும். அதனால் கோட்டைத் தாண்டிய பிறகும் ஆட்டக்காரர் நடுவை நோக்கி ஓடப் பார்ப்பார். எதிரணி அவரை மடக்கப் பார்க்கும். இன்னொரு வழியும் இருந்தது: கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தூக்கி உதைப்பார், நடுவில் நிற்கும் கூட்டாளி அதைப் பிடித்தால் அந்த இடத்திலிருந்து முயலலாம். நழுவவிட்டால் வாய்ப்பு போச்சு. சுவானிக்கும் ஆபர்னுக்கும் நடந்த ஆட்டம் 11–10 என்று முடிந்ததைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஆளுக்கு இரண்டு டச்டவுன் என்று பிரித்தால், முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு பின்னுதை. ஜான் ஹெய்ஸ்மன் பயிற்சியளித்த அந்த ஆபர்ன் மட்டும்தான் அந்த ஆண்டு சுவானிக்கு எதிராகப் புள்ளி எடுத்தது.

மூன்றாவது, கூட்டிப் பார்ப்பது. எதிரணி வாரியாகச் சுவானி அடித்த புள்ளி: ஜார்ஜியா 12, ஜார்ஜியா டெக் 32, டென்னசி 46, சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிட்டேரியன் 54, டெக்சஸ் 12, டெக்சஸ் ஏ அண்ட் எம் 10, டுலேன் 23, லூசியானா ஸ்டேட் 34, மிசிசிப்பி 12, கம்பர்லாண்ட் 71, ஆபர்ன் 11, வட கரோலினா 5. கூட்டினால் 322. மொத்தம் ஒத்துவராத பட்டியலில் ஓர் ஆட்டம் விட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் ஒரு ஸ்கோர் திரிந்திருக்கும்.

தேதியைக் கிழமையோடு சரிபாருங்கள். டெக்சஸ் முதல் மிசிசிப்பி வரையிலான ஐந்து ஆட்டங்களும் நவம்பர் 9, 10, 11, 13, 14 தேதிகளில் நடந்தன. ஆறு நாளில் ஐந்து ஆட்டம். நடுவில் விடுபட்ட 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஆட்டம் என்று ஒரு பட்டியல் காட்டினால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது செய்தி அச்சான நாளாக இருக்கும். அந்தக் காலத்தில் நவம்பர் கடைசி வியாழன்தான் நன்றி நவிலும் நாள் என்ற அமெரிக்க விடுமுறை. பெரிய ஆட்டங்கள் அன்றுதான் வைக்கப்பட்டன, சுவானி–ஆபர்ன் ஆட்டமும் நவம்பர் 30, வியாழன்.

அந்த ஐந்து ஆட்டங்களுக்கான பயணத்தின் கடுமை ஸ்கோரில் தெரியாது. மேலாளர் லூக் லீ ஏற்பாட்டில், பயிற்சியாளர் பில்லி சூட்டரோடு 21 ஆட்டக்காரர்கள் ரயிலில் கிளம்பி ஆஸ்டின், ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், பேட்டன் ரூஜ், மெம்பிஸ் என்று சுற்றினார்கள். வெளியே போன ஆட்டக்காரர் அதே ஆட்டத்தில் திரும்ப வர விதி இடம் தரவில்லை. தாக்குதலுக்கும் தடுப்புக்கும் அதே பதினொரு பேர்தான். ஆட்ட நேரம் தலா 35 நிமிடத்தில் இரண்டு பாதி என்பது விதி. ஆனால் இரு அணித்தலைவர்களும் பேசிக் குறைத்துக்கொள்வது சாதாரணம். ஆகவே இரண்டு ஆட்டங்களின் ஸ்கோரை ஒப்பிடும் முன், எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எதிரணிப் பெயர்களில் அவசரம் வேண்டாம். பிரின்ஸ்டன் 1896 வரை நியூ ஜெர்சி கல்லூரி. சுவானி என்பது ஊர்ப்பெயர். கல்வி நிலையத்தின் பெயர் தெற்குப் பல்கலைக்கழகம். மேலே வந்த சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிட்டேரியன்தான் இன்றைய ரோட்ஸ் கல்லூரி. பல அணிகளின் பட்டியலில் தடகள மன்றம், பழைய மாணவர் அணி, மருத்துவக் கல்லூரி எல்லாம் எதிரணியாக வரும். அவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்பதில்தான் ஒரே சீசனுக்கு இரண்டு விதமான வெற்றிக்கணக்கு பிறக்கிறது. எதைச் சேர்த்தீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வெற்றி, தோல்விக்குப் பின் மூன்றாவதாக ஓர் எண் இருந்தால் அது சமன். 1899-இல் ஹார்வர்டுக்கு 10–0–1. அந்த ஒன்று, யேலுடன் 0–0. அந்த ஆண்டின் தேசிய சாம்பியன் என்று ஹெல்ம்ஸ் என்ற விளையாட்டு அறக்கட்டளை ஹார்வர்டைத்தான் குறித்தது. ஆனால் அந்த அறக்கட்டளையே தொடங்கப்பட்டது 1936-இல். 1899-இல் ஆடியவர்களுக்கு அப்படியொரு பட்டம் களத்தில் இருக்கவில்லை. அதனால் பட்டத்தை எழுதும்போது, கொடுத்தவர் பெயரையும் கூடவே எழுதுங்கள்.